அறுபதுக்கு மேல் சைவ சித்தாந்த வகுப்பு: சேரலாமா, வேண்டாமா?

விழுப்புரம் பக்கம் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் இரண்டு வருஷ சைவ சித்தாந்த வகுப்பை முடித்துவிட்டு எழுதுகிறேன். நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், அங்கே ஓடியாடி வேலை பார்க்கிற யாரும் இதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை, அவர்களைப் பொதுவில் இழுப்பது நியாயமாகப் படவில்லை. தமிழ்நாட்டில் ஆதீனங்களும் அடியார் குழுக்களும் பல ஊர்களில் ஏறக்குறைய இதே பாணியில் வகுப்பு நடத்துகிறார்கள், அதனால் உங்கள் ஊரில் ஒன்றில் பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஓரளவு பொருந்தும்.

சுருக்கமாகக் கேட்டால், சேருங்கள். ஆனால் எதில் சேருகிறோம் என்று தெரிந்துகொண்டு சேருங்கள், ஏனென்றால் என்னோடு சேர்ந்தவர்களில் கணிசமான பேர் முதல் சில மாதங்களிலேயே நின்றுவிட்டார்கள், அவர்கள் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "சாமி கதை சொல்லுவாங்கன்னு வந்தோம், இங்க கணக்குப் பாடம் மாதிரி நடத்துறாங்க."

உண்மைதான். இது சொற்பொழிவு இல்லை. வயசானவர்களுக்கென்று ஆன்மிகத்தில் இன்றைக்குக் கிடைப்பதை எண்ணிப் பாருங்கள்: பஸ்ஸில் நவக்கிரகச் சுற்றுலா, காசி ராமேசுவரம் பேக்கேஜ், மாலையில் கோயில் மண்டபத்தில் யாராவது வந்து சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டுப் போவது, அப்புறம் முற்றோதல். முற்றோதலுக்கு நானும் போகிறவள்தான். திருவாசகத்தின் 51 பதிகம், 658 பாட்டையும் காலையில் தொடங்கி சாயங்காலம் வரை ஒரே மூச்சாகப் பாடி முடிக்கும்போது வருகிற நிறைவு வேறு எதிலும் வராது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு இல்லை. ஆனால் அந்த ஒரு நாளில் யாரும் எந்த வரியிலும் நின்று "இதற்கு என்ன அர்த்தம், இப்படிச் சொன்னால் இதற்கு முன்னால் சொன்னதோடு ஒத்துப் போகிறதா" என்று கேட்பதில்லை, கேட்கவும் நேரம் இல்லை. இந்த வகுப்பில் ஒரே ஒரு வெண்பாவுக்கு ஒரு மணி நேரம் போகும். பதம் பிரித்து, பொழிப்புச் சொல்லி, வேறு சமயக்காரர் இதற்கு என்ன மறுப்புச் சொல்வார், அதற்கு நம் பதில் என்ன என்பது வரைக்கும் போய்த்தான் விடுவார்கள்.

பாடம் முழுக்க மெய்கண்ட சாத்திரம் எனப்படும், சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல்கள் பதினான்கையும் சுற்றித்தான். எல்லாவற்றையும் வரி விடாமல் நடத்துவதில்லை, அது இரண்டு வருஷத்தில் ஆகிற காரியமும் இல்லை. உண்மை விளக்கத்தில் தொடங்குகிறார்கள், அது நல்ல முடிவு. திருவதிகை மனவாசகங் கடந்தார் தன் குருவான மெய்கண்டாரிடம் கேள்வி கேட்க, அவர் பதில் சொல்வது போல அமைந்த ஐம்பத்துச் சொச்சம் வெண்பா. கேள்வி பதில் என்பதால் புதிதாக வருகிறவர்களுக்குப் பிடி கிடைக்கும். ஆனால் அதிலேயே முதல் தடையும் இருக்கிறது, முப்பத்தாறு தத்துவம், அதாவது உடம்பும் உலகமும் எவற்றால் ஆனவை என்ற பட்டியல். ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5 என்று கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதி அடுத்த மாதம் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்றதும், பின் வரிசையில் இருந்த பலரின் முகம் விழுந்துவிட்டது. பூதம் ஐந்து, தன்மாத்திரை ஐந்து, ஞானேந்திரியம் ஐந்து, கன்மேந்திரியம் ஐந்து, மனம் புத்தி அகங்காரம் சித்தம் என்று அந்தக்கரணம் நாலு, இதுவரை சமாளித்துவிடலாம். காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்று மேலே ஏறும்போதுதான் நாக்கு குழறும். நான் கருவூலத்தில் கணக்கோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணியவள், கட்டம் போட்ட தாள் என்றால் எனக்குத் தெம்பு வந்துவிடும். எல்லோருக்கும் அப்படி இருக்காது. இங்கே வகுப்பை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், இதைத் தாண்டிவிட்டால் பிறகு யாரும் அவ்வளவாக விடுவதில்லை.

அடுத்து திருவருட்பயன். உமாபதி சிவம் செய்தது, பத்து அதிகாரம், நூறு குறள். வகுப்பின் உச்சம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், அதிலும் மூன்றாவது அதிகாரமான இருள்மல நிலை. இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது, ஆனாலும் "நான் இருட்டு" என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இதுதான் ஒரு குறளின் கருத்து. ஆசிரியர் இதைச் சொல்லி முடித்ததும் கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்திருந்த ஒரு அம்மா எழுந்து, "ஐயா, எனக்குப் பார்வை மங்கினது எனக்கே தெரியாது, பேத்திதான் பாட்டி நீ ஏன் டிவி கிட்டப் போய் உட்கார்ற என்று கேட்டாள், கட்டுப் பிரித்த அன்றைக்குத்தான் அதுவரை என்ன பார்க்கவில்லை என்று தெரிந்தது" என்றார். ஆசிரியர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அன்றைய மீதி நேரம் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே நடத்தினார். கண் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது, இருந்தும் உயிர் தானாக அறியாது, அறிவித்தால்தான் அறியும் என்கிற சித்தாந்தத்தின் நடுத்தூண் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. இருபது வயசில் இதைப் படித்திருந்தால் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருப்பேன், அவ்வளவுதான்.

ஆசிரியர் நாற்பதுகளில் இருக்கிறவர், கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். எங்களில் பாதிப் பேருக்கு மகன் வயசு. எல்லோரையும் "அம்மா", "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் "சிவாய நம" சொல்லிக் குனிந்தால் கூச்சப்படுவார், எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் காலில் விழப் போனபோது பதறி இரண்டு அடி பின்னால் போய்விட்டார். அந்தப் பெரியவர் விடவில்லை. "அருணந்தி விழலையா?" என்றார். அது சரியான அடி. மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுரு அருணந்தி, சகலாகம பண்டிதர் என்று பட்டம் உள்ள முதியவர். மெய்கண்டார் என்று ஒரு சின்னப் பிள்ளை ஞானோபதேசம் செய்கிறதாமே என்று விசாரிக்க வந்து, ஆணவ மலத்தின் வடிவம் என்ன என்று நின்றபடியே கேட்டாராம். பிள்ளை வாய் திறக்காமல் அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்ததாம். இவருக்குப் புரிந்துவிட்டது, அப்படியே விழுந்து சீடரானார், பிறகு சிவஞான சித்தியார் எழுதினார். பன்னிரண்டு சூத்திரம் உள்ள சிவஞான போதத்துக்கு விரிவாக எழுந்த நூல் அது. கதையை மரபு சொல்கிற மாதிரியே சொல்கிறேன். எனக்கு இதில் பிடித்தது அதிசயம் இல்லை. கற்றுத் தேர்ந்து பட்டமும் வாங்கிய பிறகு ஒரு மனுஷன் திரும்ப முதல் வகுப்பில் போய் உட்கார்ந்ததும், அப்படி உட்கார்ந்தவரையே சந்தான குரவர் எனப்படும் சித்தாந்த குருமார் நால்வரில் இரண்டாமவராக வைத்து மரபு கும்பிடுவதும்தான்.

இது நடந்த திருவெண்ணெய்நல்லூர் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது என்பது இந்தப் பக்கத்து வகுப்புகளுக்கு உள்ள ஒரு வசதி. வேன் வைத்து ஒரு நாள் கூட்டிப் போனார்கள். கிருபாபுரீசுவரர் கோயில், மெய்கண்டாரோடு சேர்த்துச் சொல்லப்படும் பொல்லாப் பிள்ளையார், சுந்தரரைக் கல்யாணப் பந்தலில் மறித்து ஓலை காட்டி வழக்காடி வென்ற கிழவர் கோயிலுக்குள் போய் மறைந்த இடம், எல்லாம் ஒரே ஊரில். திரும்பும் வழியில் திருவதிகை, அப்பரின் சூலை தீர்ந்த ஊர். வழக்கமான கோயில் சுற்றுலாவில் அர்ச்சனைச் சீட்டு வாங்கவே நேரம் போய்விடும், இங்கே சன்னதிக்கு வெளியே உட்கார்ந்து பாடம் நடத்தினார்கள். இது தனிக் கட்டணம், ஆனால் கொடுக்கலாம்.

சரி, வீட்டில் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "இந்த வயசுல என்னம்மா பரீட்சை, பேசாம கோயிலுக்குப் போய்ட்டு வாங்க" என்பார்கள். என் மகனும் சொன்னான். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதன் அடியில் ஒரு எண்ணம் இருக்கிறது: வயசானால் பக்தி போதும், அறிவு வேலை முடிந்துவிட்டது. சைவம் அப்படிச் சொல்லவில்லை. அருணந்தியின் சிவஞான சித்தியார் எட்டாம் சூத்திரத்தில் ஒரு பாட்டு வருகிறது. ஞான நூலை ஓதுவது, பிறரை ஓதச் செய்வது, பொருளைப் பிறர் கேட்கச் செய்வது, தான் கேட்பது, கேட்டதைச் சிந்திப்பது, இந்த ஐந்தையும் சேர்த்து ஞான பூசை என்கிறது. பூசை என்ற சொல்லையே போட்டிருக்கிறார் பாருங்கள். பூப்பறித்து வைப்பது போல, விளக்கேற்றுவது போல, படிப்பதும் வழிபாடு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நாலு வழியில் கோயிலைக் கூட்டி மெழுகுவதும் பூத்தொடுப்பதும் சரியையில் வரும். முட்டி தேய்ந்து குனிய முடியாமல் போனவளுக்குக் கூட்டுவது இனி முடியாது, உட்கார்ந்து சிந்திப்பது முடியும். அந்தப் பாட்டு நடந்த ஞாயிறு சாயங்காலம் அதை எழுதி மகனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்ப பஸ்ஸுக்குப் பதிலா ஆட்டோல போங்க" என்றான்.

இந்தப் பாட்டை வைத்தே வகுப்பை அளந்தால்தான் என் பெரிய குறையும் வெளியே வரும். ஐந்தில் கேட்டல் இங்கே அமோகமாக இருக்கிறது. ஐந்தாவதாகச் சொன்ன சிந்தித்தலுக்குத்தான் இடம் இல்லை. காலையில் தொடங்கினால் சாப்பாடு வரைக்கும் ஆசிரியர் ஒருவரே பேசுவார், சாப்பிட்டு வந்தால் மறுபடி அவரே பேசுவார், கடைசியில் "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்பதற்குள் ஊர் பஸ்ஸைப் பிடிக்கக் கூட்டம் எழுந்துவிடும். கண்ணாடி போட்ட அம்மா பேசியது போல எத்தனை பேர் பேசியிருப்பார்கள், எழுந்திருக்கக் கூச்சப்பட்டே உட்கார்ந்திருந்தவர்கள்தான் பாதி. அந்த மண்டபத்தில் ஓய்வு பெற்ற நர்ஸ் இருந்தார், நெசவுக்காரர் இருந்தார், ஆயுசு முழுக்க விவசாயம் பார்த்தவர்கள் இருந்தார்கள். கன்மம், அதாவது வினைப்பயன் பற்றி, அனுபவித்தே தீர வேண்டியது எது என்பது பற்றி இவர்களிடம் இல்லாத சரக்கா? பத்துப் பத்துப் பேராக உட்காரவைத்து ஒரு பாட்டைக் கொடுத்து அரை மணி பேசச் சொன்னால் செலவு ஒரு பைசா கிடையாது.

பரீட்சை இன்னும் மோசம். மோசம் என்றால் கஷ்டம் என்று நினைக்காதீர்கள், நேர் எதிர். கேள்விகள் நன்றாகத்தான் இருந்தன. உயிரைக் கட்டும் மலங்களில் ஆணவத்துக்கும் மாயைக்கும் என்ன வேறுபாடு, இறைவன் ஐந்தொழில் செய்வது யாருக்காக என்ற மாதிரி. கை நடுங்குகிறவர்கள் வாயால் சொல்ல, இளைய பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள், அது நல்ல ஏற்பாடு, அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் முடிவு வந்தபோது எழுதிய எல்லோரும் தேர்ச்சி. எல்லோரும் என்றால் எல்லோரும். ஆணவத்தை மாயை என்றும் மாயையைக் கன்மம் என்றும் மாற்றி எழுதிவிட்டேன் என்று வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்ட ஒருவருக்கும் சால்வை போட்டுச் சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். விடைத்தாளைத் திருப்பித் தரவில்லை. எதில் தப்பு, எங்கே பொருள் மாறிப்போனது என்று யாருக்கும் தெரியாது. கேட்டதற்கு, "பெரியவங்க மனசு நோகக் கூடாதும்மா" என்றார்கள். எனக்கு நொந்தது அதில்தான். இரண்டு வருஷம் எங்களை மாணவர்களாக நடத்தியவர்கள் கடைசி நாளில் கிழவன் கிழவிகளாக நடத்திவிட்டார்கள். சங்கற்ப நிராகரணம் என்று ஒரு சாத்திரம் உண்டு, சக வருஷம் 1235, அதாவது கிபி 1313 என்று காலம் குறித்தே உமாபதி சிவம் எழுதியது, பிற கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து எங்கே இடறுகிறது என்று மறுப்பதே அந்த நூலின் வேலை. இப்படிப்பட்ட மரபில் வந்த பாடத்துக்கு மனசு நோகாத பரீட்சை என்பது பொருந்தவே இல்லை. பெயில் போடுங்கள், மறுபடி எழுதுகிறோம்.

மற்ற குறைகள் சில்லறை. வகுப்பு நடக்கும் கல்யாண மண்டபத்தின் ஹால் மாடியில், லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. முட்டிவலிக்காரர்கள் ஒரு முறை ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்கள், கழிவறையோ கீழே. அறுபதைத் தாண்டியவர்களே பெரும்பாலும் வருகிற வகுப்புக்கு இப்படி ஓர் இடம் பார்த்தவர்களை என்ன சொல்வது. மைக் எதிரொலிக்கும், நாலாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆசிரியரின் பாதிச் சொல் சுவரில்தான் கேட்கும். காது மந்தமானவர்கள் சீக்கிரம் போய் முன்னால் இடம் பிடியுங்கள். பாடப் புத்தகத்தின் எழுத்து பொடி, உரைப் பகுதி அதைவிடப் பொடி. நான் அதைப் பாதியில் பையில் போட்டுவிட்டேன். சாத்திர மூலங்களும் திருமுறைகளும் சைவம் டாட் ஆர்க், மதுரைத் திட்டம் இரண்டிலும் இலவசமாகக் கிடைக்கின்றன, டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டால் கண்ணுக்குச் சுகம். உரைக்கு மட்டும் அச்சுப் புத்தகம் வேண்டும், பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும்.

வாட்ஸப் குழு ஒன்று உண்டு. பாட ஒலிப்பதிவை அதில் போடுகிறார்கள், வர முடியாத மாதத்துக்கு அது பெரிய உதவி, ஆனால் அந்த ஒலிப்பதிவைக் கண்டுபிடிப்பதற்குள் நூறு காலை வணக்கப் படத்தையும் ரோஜாப்பூவையும் தாண்ட வேண்டும். நடராசர் சிலைக்குக் கீழேதான் பூமியின் காந்த மையம் இருக்கிறது என்று நாசா சொன்னதாக ஒரு செய்தி மாதம் தவறாமல் வரும். ஆசிரியர் ஒரு முறை வகுப்பிலேயே சொன்னார்: துடியில் தோற்றம், அமைத்த கையில் காத்தல், தீயில் அழித்தல், ஊன்றிய பாதத்தில் மறைத்தல், தூக்கிய பாதத்தில் அருளல் என்று உண்மை விளக்கம் ஒரே வெண்பாவில் சொல்லியிருக்கிறதே, அதற்கு மேல் உங்களுக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? கைதட்டினோம். அன்று இரவே அந்தச் செய்தி மறுபடி வந்தது.

சாப்பாடு பற்றி ஒரு வரி: சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு பொரியல், உபயதாரர் யாராவது இருந்தால் பாயசம். உப்பும் எண்ணெயும் குறைவாகச் சமைக்கிறார்கள், சர்க்கரைக்காரர்கள் பயப்பட வேண்டாம், பாயசத்தை மட்டும் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய பாடம் தூக்கம் வரவழைக்கும் என்று அவர்களுக்கே தெரிந்து, அந்த நேரத்தில் ஓதுவார் ஒருவரை வைத்து தேவாரம் பாட வைக்கிறார்கள். பண் தவறினால் நிறுத்தித் திருத்துவார் அவர், எழுபது வயசு என்றும் பார்க்க மாட்டார். பரீட்சைத் தாளையும் அவர் கையிலேயே கொடுத்திருக்கலாம்.

கட்டணம் பெரிதில்லை. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து, புத்தகம் உட்பட, ஒரு சுமாரான கைத்தறிப் புடவை விலைக்குள் முடிந்துவிடும், சாப்பாட்டுக்குத் தனியாகக் கேட்பதில்லை. தீட்சை வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கள் வகுப்பில் இல்லை. சாதி கேட்கவில்லை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் சேரலாமா என்று கூச்சத்தோடு கேட்ட ஒருவரையும் சேர்த்துக்கொண்டார்கள், வகுப்பு நாளில் மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள். தமிழ் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் பழைய செய்யுளைக் கண்டால் மிரள்பவர்கள் ஒரு சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். பாடத்தான் ஆசை, அர்த்தத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை என்கிறவர்கள் முற்றோதல் குழுவுக்கே போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. துக்கம் ஆற வருகிறவர்களும் கொஞ்சம் யோசியுங்கள், கணவரை இழந்து சில வாரத்தில் வந்த ஒரு அம்மாவுக்குக் கன்மப் பாடம் நடந்த நாள் ரொம்பக் கடினமாகப் போனது, இடையில் எழுந்து போய்விட்டார். அடுத்த வருஷம் திரும்ப வந்து முதலிலிருந்து உட்கார்ந்தார்.

அவரைப் போல மறுபடி உட்கார்கிறவர்களிடம் பாதிக் கட்டணம்தான் வாங்குகிறார்கள். சித்தியார் எட்டாம் சூத்திரம் எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, அதனால் அடுத்த அணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், விடைத்தாளைத் திருத்தித் திருப்பித் தர வேண்டும் என்று விண்ணப்பத்தின் அடியிலேயே எழுதியும் கொடுத்திருக்கிறேன்.